பேராச்சிக்கு ஆட்சேபம் உண்டா

பேராச்சி இறந்து சில மாதங்கள் கழித்து, அவள் இறந்த அதே ஆஸ்பத்திரியிலிருந்து அவள் பெயருக்கு ஒரு ஸ்பீட் போஸ்ட் வந்தது.

தபால்காரர் தாராவிச் சந்தில் அவர்கள் வீட்டு வாசலில் நின்று உறையின் மேலிருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார். மேடம் இருக்கிறாரா என்று இந்தியில் கேட்டார். மகேஷ்குமார் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். "இல்லை" என்றான்.

"எப்போது வருவார்?"

மகேஷ்குமார் பேனாவுக்குக் கை நீட்டினான். வாங்குபவர் உறவு என்ற இடத்தில் 'கணவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

மராத்தியில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம். இரண்டிலும் ஒரே சங்கதிதான். மகேஷ்குமார் என்னும் நபர் தங்களைப் பற்றிய தகவலைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டிருக்கிறார். அது தங்களுடைய தனிப்பட்ட தகவல். அதை அவருக்குக் கொடுப்பதில் தங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்பதைப் பத்து நாட்களுக்குள் எழுத்து மூலமாகவோ நேரிலோ தெரிவிக்க வேண்டுகிறோம்.

'நேரிலோ' என்ற இடத்தில் மட்டும் அவன் கொஞ்சம் நின்றான். சிரிப்பு வரவில்லை. அழுகையும் வரவில்லை. இரண்டும் அவனிடம் வந்து நாளாகிறது. கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு குர்லாவுக்கு ரயிலேறினான். அங்கே ஒரு சிசிடிவி கடையில் அவனுக்கு வேலை. எந்தச் சந்தில் எந்தக் கேமரா கெட்டாலும் ஆள் அனுப்பிச் சரிசெய்வது அவன் பொறுப்பு. ஆஸ்பத்திரி வராந்தாவிலும் கேமரா இருந்தது. அதில் பதிவான படம் ஏறக்குறைய ஒரு மாதம் தங்கும், பிறகு தானே அழிந்துவிடும் என்பது அவன் தொழில் பாடம். ஆனால் அந்த ஒரு மாதம் அவனுக்குக் கிழமை கூடத் தெரியாமல் போய்விட்டது. தெரிந்தபோது படம் அழிந்திருந்தது.

அவன் கேட்டது பெரிய தகவல் ஒன்றுமில்லை. அன்றைக்குப் பேராச்சிக்கு வயிற்றுக்குள் ரத்தக் கசிவு. கரு தங்கக்கூடாத இடத்தில் தங்கிவிட்டது. ரத்தம் ஏறினால்தான் ஆபரேஷன், வெளியிலிருந்து வாங்கி வா என்று அவனை அனுப்பினார்கள். செம்பூர்ப் பக்கம் ஒரு ரத்த வங்கியில் கிடைத்தது. திரும்பும்போது குர்லாவில் டாக்ஸி நின்றுவிட்டது. இறங்கி ஓடினான். பெண்கள் வார்டு வாசலில் பச்சைத் திரை. ஆண்களுக்கு அனுமதி இல்லை, கீழே காத்திருக்கவும் என்று மூன்று மொழியில் போர்டு. திரைக்குள்ளிருந்து ஒரு கை வந்து ஐஸ் பெட்டியை வாங்கிக்கொண்டது. பிறகு வேறொரு கை திரையை விலக்கி, முடிந்துவிட்டது என்றது. இரண்டு கைகளுக்கும் நடுவே எவ்வளவு நேரம் போனது என்பது அவன் தலையில் இல்லை.

ஆஸ்பத்திரி கொடுத்த காகிதத்தில் 'ரத்தம் ஏற்றப்பட்டது' என்று இருந்தது. எப்போது என்று இல்லை. அந்த நேரத்தைத்தான் அவன் கேட்டிருந்தான்.

மாமியார் இசக்கியம்மாளின் தலையில் அது தெளிவாக இருந்தது. மாப்பிள்ளை லேட்டாக வந்தார், மகள் போய்விட்டாள். அவள் வீடு அதே சந்தில், இரண்டு வாசல் தள்ளி. மகள் போன பிறகும் மாப்பிள்ளைக்குச் சோறு பொங்கிக் கொண்டுவந்து வைப்பதை அவள் நிறுத்தவில்லை. பேசுவதைத்தான் நிறுத்திவிட்டாள். சொல்ல வேண்டியதைக் குக்கரிடம் சொல்லுவாள், தண்ணீர் டிரம்மிடம் சொல்லுவாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டோடு வந்தவள் டிரம்மைப் பார்த்துக் கேட்டாள். "என் மவ பேருக்கு லெட்டரு வந்துருக்குன்னு தபால்காரன் ஊரெல்லாம் சொல்லிட்டுப் போறான். என்னன்னு கேட்டா யாரு சொல்லப் போறாவ."

மகேஷ்குமார் சொன்னான்.

"செத்தவகிட்டயா கேக்கான்?"

"ஆமா அத்த."

"அப்ப இல்லைன்னு எழுதிப்போட வேண்டியதுதான. அவளுக்குப் பதிலா நான் ரேகை உருட்டுதேன்." அடுத்த வார்த்தை குக்கருக்கு. "எழுதுதாவளோ, இல்ல, உண்மை வெளிய வந்துரும்னு பயந்துகிட்டுக் கெடக்காவளோ. சில பேருக்குக் காலுல சக்கரம் மாட்டிவிட்டாலும் நடந்துதான் வருவாவ."

லேட்டா, இல்லையா என்பது அவனுக்கே தெரியாது. தெரியாத ஒன்றை எப்படி மறுப்பது. அதற்காகத்தான் விண்ணப்பமே போட்டான்.

விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவர் மாட்டுங்காவிலிருக்கும் பிரம்மநாயகம். ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் தகவல் அதிகாரியாக இருந்து, கேட்டவர்களுக்கெல்லாம் 'வழங்க இயலாது' என்று எழுதியே ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு கட்சி மாறிவிட்டார். காலையில் ஸ்டேஷன் பக்கத்து இட்லிக் கடையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் இலவசமாக மனு எழுதிக் கொடுத்தார். நோட்டீஸைப் படித்ததும் அவர் முகம் மலர்ந்துபோனது.

"அருமையான டிராஃப்ட். நானே எழுதியிருந்தா இப்படித்தான் எழுதியிருப்பேன்."

"செத்தவளுக்கு அனுப்பியிருக்காங்க சார்."

"ப்ரொசீஜர் தம்பி. மூன்றாம் நபர் பத்தின தகவல்னா அவங்களைக் கேட்காம கொடுக்கக் கூடாது. உயிரோட இருக்கணும்னு அதுல எங்கயும் சொல்லலை." சட்னியைத் தொட்டுக்கொண்டார். "உங்க மாமியார் ரேகையெல்லாம் வேண்டாம், அது ஃபோர்ஜரி. இறப்புச் சான்றிதழ் காப்பியோட நேர்ல போய்ப் பாருங்க. அங்க தகவல் அதிகாரி மேடம் நல்லவங்க."

மேடம் நல்லவர்தான். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். மேசையில் கோப்புகள் ஒழுங்காக இருந்தன. அவன் சான்றிதழை நீட்டினான். அவர் வாங்கிக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு படித்தார். பேச்சு இந்தியில் நடந்தது.

"உங்கள் துக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் விண்ணப்பதாரர். அவர் மூன்றாம் நபர்."

"அவள் என் மனைவி."

"மூன்றாம் நபர்கள் யாருக்காவது மனைவியாகத்தான் இருப்பார்கள்."

"அப்படியானால் முதல் நபர் யார்?"

"நீங்கள்தான். கேட்பவர்."

"இரண்டாம் நபர்?"

"நாங்கள்." மேடம் அதில் கொஞ்சம் பெருமைப்பட்ட மாதிரி இருந்தது. "முன்பெல்லாம் இவ்வளவு கஷ்டம் இல்லை. பொதுநலன் இருக்கிறது என்று எழுதினால் யோசித்துப் பார்ப்போம். இப்போது தனிப்பட்ட தகவல் என்றாலே சட்டம் கடுமை. நாளைக்கு என் மீது நடவடிக்கை வந்தால் யார் வருவார்கள்?"

"அவள் இங்கேதான் செத்தாள். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரிந்துகொள்ள வேண்டுமானால் அவருடைய பதிவைப் பார்க்க வேண்டும். அது தனிப்பட்ட பதிவு. நோட்டீஸ் அனுப்பும் பிரிவு அதைப் பார்க்கக் கூடாது." அவர் குரலைத் தாழ்த்தினார். "அவர் தன் தகவல் விஷயத்தில் யாரையாவது நாமினியாக நியமித்திருக்கிறாரா?"

"வயிற்று வலி என்று வந்தாள் மேடம். நாமினி போட்டுவிட்டு வரவில்லை."

அவன் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினான். அவர்கள் சந்து முனையில், டிரான்ஸ்ஃபார்மர் கம்பியில், இன்னமும் தொங்கிக்கொண்டிருந்த கண்ணீர் அஞ்சலி பேனர். ஊர்ச் சங்கத்து இளைஞர் அணி வைத்தது. பேராச்சியின் கல்யாண போட்டோ, பிறந்த தேதி, மறைந்த தேதி, கதவு எண், புருஷன் பெயர், அவன் போன் நம்பர். கீழே அணிப் பொறுப்பாளர்கள் முகங்கள், அவள் முகத்தைவிடப் பெரிதாக. தாராவியில் ஒருத்தி செத்தால் அவளைப் பற்றிய எல்லாத் தகவலும் மறுநாள் காலைக்குள் ஆளுயரத்துக்கு அச்சாகிவிடும். யாரும் யாரிடமும் ஆட்சேபம் உண்டா என்று கேட்பதில்லை.

மேடம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "இதற்கு அவர் சம்மதம் கொடுத்தாரா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார். பிறகு, படத்தை ஒரு பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் கோப்பில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

அவன் கொடுத்தான். சேர்த்துக்கொண்டார்கள்.

பதில் வந்தது. இந்த முறை உறையின் மேல் அவன் பெயர். மூன்றாம் நபரிடமிருந்து சம்மதம் வரவில்லை. ஆயினும் விண்ணப்பதாரரின் நிலையை அனுதாபத்துடன் பரிசீலித்து, அன்றைய ஷிஃப்டில் வார்டு நர்ஸுகள் எழுதிய ரிப்போர்ட் புத்தகத்தின் பக்கம், மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல் நீக்கப்பட்டு, இத்துடன் இணைக்கப்படுகிறது.

நீக்குவதைச் சிரத்தையாகச் செய்திருந்தார்கள். கறுப்பு மையால் அடித்து, அடித்ததை மறுபடி ஜெராக்ஸ் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்தாலும் ஒன்றும் தெரியாத மாதிரி. பேராச்சி இருந்த வரிகள் நாலு விரல் அகலத்துக்கு ஒரு கறுப்புப் பட்டையாகக் கிடந்தன.

மற்ற வரிகள் எல்லாம் வெள்ளையாக, சுத்தமாக இருந்தன. அன்று அந்த வார்டில் படுத்திருந்த அத்தனை பெண்களின் பெயர், வயது, முகவரி, போன் நம்பர், என்ன கோளாறு, என்ன செய்தார்கள் என்பது வரை. கல்யாணமாகாதவள் ஒருத்தி. தொற்று நோய்க்காரி ஒருத்தி. மகேஷ்குமார் ஒரு தடவை படித்துவிட்டுக் காகிதத்தைக் குப்புற வைத்தான். அடுத்தவர் வீட்டுக் கதவைத் தெரியாமல் திறந்துவிட்ட மாதிரி இருந்தது.

பிரம்மநாயகம் அதை இட்லிக் கடை மேசையில் விரித்து வைத்து ரசித்தார்.

"பார்த்தீங்களா லாஜிக்கை? கோப்புல மூன்றாம் நபர் ஒரே ஒருத்தர். நோட்டீஸ் போனது அவங்களுக்குத்தான். அதனால பாதுகாப்பும் அவங்களுக்குத்தான். மத்த பேரைப் பத்தி யாரும் கேட்கலையே, அப்ப அவங்க மூன்றாம் நபரே கிடையாது."

"அப்ப நான் இவளைப் பத்திக் கேக்காம வேற யாரைப் பத்தியாவது கேட்டிருந்தா?"

"உங்க சம்சாரம் பேரும் வெள்ளையா வந்திருக்கும்." டீயை உறிஞ்சினார். "இது தங்கம் தம்பி. மேல்முறையீட்டுல இதையே இணைப்பா வெச்சு, தனிநபர் தகவல் மீறல்னு ஒரு தனிப் புகாரும் போடுவோம். கமிஷனுக்கு ஒண்ணு, துறைக்கு ஒண்ணு, பத்திரிகைக்காரனுக்கு ஒண்ணு. நாலைஞ்சு செட் ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க."

"இந்தப் பேரெல்லாம் அப்ப ஊரெல்லாம் போகுமே."

"மீறலை நிரூபிக்கணும்னா மீறலைக் காட்டித்தானே ஆகணும்?" பிறகு அவர் விரல் கறுப்புப் பட்டைக்கு அடுத்த வரியில் நின்றது. "பக்கத்து பெட். சாயிரா, ஆண்டாப் ஹில். நம்பர் இருக்கு. இவங்க பார்த்திருப்பாங்களே. சாட்சி."

மகேஷ்குமார் அதை முதல் தடவையே பார்த்திருந்தான். அந்த வரியில் சாயிராவுக்குச் செய்தது கருக்கலைப்பு என்று எழுதியிருந்ததையும் பார்த்திருந்தான். காகிதத்தை அவர் விரலுக்கடியிலிருந்து மெதுவாக இழுத்து எடுத்துக்கொண்டான். ஜெராக்ஸ் எடுத்துவிட்டு வருகிறேன் என்றான்.

எடுக்கவில்லை. காகிதம் பர்ஸில் கிடந்தது. கடையில் உட்கார்ந்து அடுத்தவர் சந்துகளின் கேமராப் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த நம்பர் அவன் மனதில் ஓடும். போன் போடுவது தப்பு என்று தெரியும். அந்தப் பெண் தன் நம்பரை ஆஸ்பத்திரிக்குத்தான் கொடுத்தாள், அவனுக்குக் கொடுக்கவில்லை. அவன் நம்பர் பேனரில் தொங்குவதால் யார் யாரோ போன் செய்து லோன் வேண்டுமா என்று கேட்கிறார்கள். அவனுக்கே எரிச்சல் வருகிறது.

அந்த வாரம் குழாயடியில் இசக்கியம்மாள் கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். "பதிலு வந்துருக்காம், எல்லாம் கறுப்பா அழிச்சிருக்காம். யாரு அழிச்சான்னு யாருக்குத் தெரியும். ரத்தம் வாங்கப் போன ஆளு வழியில டீ குடிச்சாவளோ என்னமோ, அது வெளிய தெரியாண்டாமா?"

அவன் குடத்தோடு வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தான். குடம் நிறைந்தது. கொண்டுபோய் வைத்துவிட்டு, சந்து முனைக்கு வந்து போனை எடுத்தான்.

"ஹலோ, கோன்?" பெண் குரல்.

அவன் இந்தியில் தொடங்கினான். ஆஸ்பத்திரி, வார்டு, பக்கத்து பெட். அந்தப் பக்கம் பின்னால் ஒரு ஆண் குரல் யாரென்று தமிழில் கேட்டது. "ராங் நம்பருங்க" என்று அவள் அதட்டலாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

அவ்வளவுதான் என்று நினைத்தான். மறுநாள் மத்தியானம் வேறொரு நம்பரிலிருந்து போன் வந்தது. அதே குரல், ஆனால் மெல்லிய குரல்.

"யாரு நீங்க? தமிழா? என் நம்பரு உங்களுக்கு எப்படிக் கெடச்சுது?"

"ஆஸ்பத்திரியில குடுத்தாங்க. காயிதத்துல."

"எந்தக் காயிதத்துல?"

அவன் சொன்னான். போனில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு ஆண்டாப் ஹில்லில் ஒரு பஸ் ஸ்டாப்பைச் சொன்னாள். "அத எடுத்துட்டு வாங்க. தனியா வாங்க."

காய்கறிப் பையோடு வந்திருந்தாள். அவன் வயதுதான் இருக்கும், ஒன்றிரண்டு குறைவாக இருக்கலாம். பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவனும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"குடுங்க."

கொடுத்தான். தன் வரியைக் கண்டுபிடிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. விரலால் தடவிப் பார்த்தாள்.

"வூட்டு அட்ரஸு கூட இருக்கு." "எத்தன பேரு பாத்தாங்க?"

"நான். மனு எழுதிக் குடுத்த பெரியவர் ஒருத்தர்."

"எங்க வூட்டுல நான் குர்லாவுல எங்க லாத்தா, அதான் எங்க அக்கா வூட்டுக்குப் போயிருந்ததா நெனச்சிட்டு இருக்காங்க. மூணு புள்ளைக்கு மேல என்னால முடியலண்ணே. சொன்னா வுட மாட்டாங்க. லாத்தாதான் கூட்டிட்டுப் போச்சு." ஒரு பஸ் வந்து நின்று போனது. ஏறாமல் நிற்பது யார் கண்ணிலும் படக் கூடாதென்று அவள் நாலடி தள்ளி நின்றுகொண்டாள். அவன் நகரவில்லை. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாள். "இது தெரிஞ்சா நான் எங்க அம்மா வூட்டுக்கு, மேலப்பாளையத்துக்குத்தான் போவணும். புள்ளைங்கள வுட்டுட்டு."

"நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

"உங்களுக்கு என்ன வேணும்?"

"கறுப்பு அடிச்சிருக்குல்ல, அது என் சம்சாரம்."

அவள் முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவன் காலைப் பார்த்தாள்.

"நீங்கதானா அது" என்றாள்.

ரத்தம் எப்போது வந்தது என்று கேட்டான். அவள் சொன்னாள். பெட்டி வந்தபோது பேராச்சிக்கு நல்ல நினைவு இருந்தது. நர்ஸ் பெட்டியைத் திறந்து ரத்தப் பையை மேசைமேல் வைத்தாள். ஏற்றுவதற்கு முன்னால் சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும். வார்டு ஆளை அனுப்பினாள். ஆண்கள் காத்திருக்கிற இடம் கீழ் மாடி. அவன் பின்பக்கப் படி வழியாக அங்கே போய்த் தேடிவிட்டு வந்து, ஆளைக் காணோம், ஓடிவிட்டான் என்றான். மறுபடி போய்த் தேடச் சொன்னார்கள்.

"அந்தப் பை மேச மேல வேர்த்துப்போயிக் கெடந்துச்சு. நான் அதையேதான் பாத்துட்டு இருந்தேன்."

"நான் கீழ போகல. திரைக்கு வெளியதான் நின்னேன்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"திரைக்குக் கீழ உங்க செருப்பு தெரிஞ்சுது. உங்க சம்சாரந்தான் எனக்குக் காட்டுச்சு. 'அவிய வந்துட்டாவ, அந்தா நிக்காவ பாருங்க'ன்னுச்சு. அவங்களுக்குக் குரலு எந்திரிக்கல. எனக்கு மட்டுந்தான் கேட்டுச்சு."

மகேஷ்குமார் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். எதிரே ஒருவன் வெள்ளரிக்காய் நறுக்கி மிளகாய்த்தூள் தூவிக்கொண்டிருந்தான்.

"நர்ஸுகிட்ட நான் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்" என்றாள் சாயிரா. "சொல்லல. யாரும் என்னத் திரும்பிப் பாத்துறக் கூடாதுன்னு போர்வய இழுத்து மூடிட்டுக் கெடந்தேன். அந்த வார்டுல எங்க வூட்டுப் பக்கத்து அம்மா ஒண்ணு துப்புரவு வேல பாக்குது. அப்புறம் பெரிய நர்ஸு வந்து திட்டிட்டு, கையெழுத்து இல்லாமயே ஏத்துனாங்க. ஏறிட்டு இருக்கும்போதே..."

காய்கறிப் பையைக் கைமாற்றிப் பிடித்தாள்.

திரை போட்டது பெண்களின் மானத்துக்கு. போர்வை இழுத்தது இவள் மானத்துக்கு. கறுப்பு மை பேராச்சியின் மானத்துக்கு. எல்லாரும் எல்லாரையும் பாதுகாத்திருந்தார்கள். கோபப்படுவதற்கு ஆள் தேடிப் பார்த்தான், யாரும் அகப்படவில்லை.

"காயிதத்த வெச்சுக்கோங்க" என்றான்.

"ஒங்க கேஸுக்கு வேணாமா?"

"வேண்டாம்."

அவள் அதை நாலாக மடித்து வெங்காயத்துக்கு அடியில் செருகினாள். "மத்த பொம்பளைங்க பேரும் இருக்கு. கிழிச்சு அடுப்புல போட்டுடுதேன்." கிளம்பும்போது, "நான் சொன்னேன்னு யாருக்கும் தெரியக் கூடாது. எந்த வூட்டுலயும்" என்றாள். அடுத்து வந்த பஸ் எந்த நம்பர் என்று பார்க்காமலே ஏறிப் போனாள்.

பிரம்மநாயகத்திடம் காகிதம் ரயிலில் தொலைந்துவிட்டது என்றான். அவர் இட்லியைத் தள்ளி வைத்தார்.

"தொலைச்சிட்டீங்களா? இருபது வருஷத்துல இப்படி ஒரு டாக்குமெண்ட் நான் பார்த்ததில்லை. சரி, அதே பக்கத்தை மறுபடி கேட்டு ஒரு மனு போடுவோம்."

"போட்டா இந்தத் தடவை எல்லாத்தையும் அழிச்சிக் குடுப்பாங்களா சார்?"

"சான்ஸே இல்லை. ஒருதடவை கொடுத்த மாதிரியேதான் கொடுக்கணும். அதுதான் முன்னுதாரணம்."

"அப்ப வேண்டாம் சார்."

"ரீசன் என்ன தம்பி?"

"சொந்த விஷயம்."

அவர் தள்ளி வைத்த இட்லியைத் திரும்ப இழுத்துக்கொண்டார். இதே காரணத்தைக் காட்டி ஆயிரம் பேருக்கு 'வழங்க இயலாது' என்று எழுதிக் கொடுத்தவர். அவருக்கே யாரும் எழுதிக் கொடுத்ததில்லை போலிருக்கிறது.

அன்று மாலை இசக்கியம்மாள் குழம்புச் சட்டியோடு வந்தாள். அவன் அவளை உட்காரச் சொன்னான். அவள் உட்காரவில்லை, ஆனால் போகவும் இல்லை.

"அத்த, நான் லேட்டு இல்ல. ரத்தம் வந்தப்ப அவளுக்கு நெனவு இருந்துருக்கு. என் கையெழுத்துக்காக மேசைல வச்சிட்டு, என்னயக் கீழ தேடிட்டு இருந்துருக்காங்க. நான் மேல வாசல்லயே நின்னேன்."

அவள் டிரம்மைப் பார்த்தாள். "யாரு சொன்னாவளாம்?"

"பாத்தவங்க."

"பாத்தவுகளுக்குப் பேரு இல்லயா?"

"இருக்கு. சொல்ல முடியாது."

"நர்ஸா?"

"சொல்ல முடியாது அத்த."

"ஆம்பளையா பொம்பளையா, அதுகூடச் சொல்ல முடியாதா?" அவள் சட்டியை நங்கென்று வைத்தாள். "நல்லாருக்கே. பஞ்சாயத்துல வந்து சாட்சி இருக்கு, ஆனா பேரு சொல்ல மாட்டேன்னா எவன் ஒத்துக்குவான்? நேத்து ஆண்டாப் ஹில் பஸ் ஸ்டாப்புல ஒரு துலுக்கப் பொம்பளகிட்டப் பேசிட்டு நின்னாவன்னு மிட்டாய்க்கடைக்காரன் சொன்னான். அதுக்கும் பேரு இருக்காதோ."

அவன் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அவன் சுத்தமாகிவிடுவான். ஒரு பெயர், அவ்வளவுதான். குழாயடியிலிருந்து அது ஒரு காலை நேரத்தில் ஆண்டாப் ஹில் போய்ச் சேரும்.

"அப்படியே இருக்கட்டும்" என்றாள் இசக்கியம்மாள். "கீழ நிக்கச் சொன்னா கீழ நின்னுருக்கலாம்லா. மேல வந்து வாசல்ல நின்னு யாருக்கு லாபம்?"

அதை அவனும் பஸ் ஸ்டாப்பிலிருந்து வரும்போதே யோசித்திருந்தான். "ஆமா" என்றான்.

ஆமா என்று அவன் சொல்லுவான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. தயங்கினாள். பிறகு மகள் போனதிலிருந்து முதல் தடவையாக அவனையே பார்த்துக் கேட்டாள். "அவ ஏதாவது சொன்னாளாமா?"

"நான் வந்துட்டேன்னு சொன்னாளாம். என் செருப்பு தெரிஞ்சிருக்கு."

இசக்கியம்மாள் முந்தானையால் சட்டியின் விளிம்பைத் துடைத்தாள். அங்கே துடைக்க ஒன்றும் இல்லை. அவளும் அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவள்தான். வீட்டைப் பூட்டி, சாமியறையில் விளக்கேற்றி, பஸ் ஏறி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதைப் பற்றிக் குழாயடியில் யாரும் பேசினதில்லை.

"என்னயக் கேட்டாளாமா?"

சாயிரா அப்படி எதுவும் சொல்லவில்லை. அவள் பார்த்ததையும் கேட்டதையும் மட்டும்தான் சொன்னாள். அதில் இசக்கியம்மாள் இல்லை.

"கேட்டாளாம்" என்றான் மகேஷ்குமார்.

"என்னன்னு?"

"அம்மா எங்கன்னு."

அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். யார் சொன்னது, எந்தக் காகிதத்தில் இருக்கிறது, சொன்னவர் பேர் என்ன என்று ஒன்றும் கேட்கவில்லை. குழம்பு ஆறிவிடும், சாப்பிடுங்க என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை குழாயடியில் அவள் குரல் அவன் வீடு வரைக்கும் கேட்டது. "கடைசியில என்னயத்தான் கேட்டுருக்கா. அம்மா எங்க, அம்மா எங்கன்னு. பக்கத்துல இருந்தவுக சொன்னாவளாம்." யாரோ ஒருத்தி உச்சுக் கொட்டினாள். இன்னொருத்தி, தாய் பாசம்ல என்றாள்.

மாப்பிள்ளை நேரத்துக்கு வந்தார் என்று அவள் சொல்லவில்லை. லேட்டாக வந்தார் என்றும் அன்றைக்குச் சொல்லவில்லை. மகேஷ்குமார் குடத்தை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றான்.